இன்ஜினும் காதுகுத்தும்

எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் இடத்தில் யாரை உட்கார வைப்பது என்ற பேச்சு வந்ததும், யோசிக்காமல் அண்ணன் என்றேன். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து அவர் ராக்கெட் கம்பெனி தொடங்கியபோது முதலில் சேர்ந்தவள் நான். வேலைக்கான கடிதம்கூட வாங்கவில்லை. அண்ணனிடம் போய்க் கடிதம் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

முதல் இன்ஜினை ஊருக்கு வெளியே பொட்டலில் எரித்துப் பார்த்தோம். மூன்று முறை வெடித்தது. எரிபொருள் வால்வு கொஞ்சம் முந்தித் திறக்கிறது என்று நான்தான் கண்டுபிடித்தேன். மகள் அப்போது வயிற்றில் ஐந்து மாதம். நான்காவது முறை பதினோரு நொடி நின்று எரிந்தது. அண்ணன் மண்ணில் உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகுதான் முதலீட்டாளர்கள் வந்தார்கள், சென்னையில் அலுவலகம் வந்தது. குழந்தைக்கு ஒரு வயதானதும் வந்துவிடு, கொட்டகை உனக்காக இருக்கும் என்றார். நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

காதுகுத்துக்கு ஒரு வாரம் முன்பு அவருடைய பேட்டியைப் போனில் பார்த்தேன். வால்வுக் கோளாறைத் தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்ததாகச் சொன்னார். கூட ஒரு பெண் இருந்தார், குழந்தை பிறந்ததும் விலகிவிட்டார் என்றார். பேட்டி எடுத்தவர்கள் வெட்டி ஒட்டியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ?

காதுகுத்தன்று திருப்பரங்குன்றம் கோயிலுக்குச் சீர்த்தட்டோடு சொன்ன நேரத்துக்கு வந்தார். ஆசாரி கம்பியை எடுத்து வைக்கும்போது மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணே, வேலைய விட்டுட்டேன்னு நான் எப்பண்ணே சொன்னேன்?"

"பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு எம்புட்டுத்தான் ஓடுவ? உன் நல்லதுக்குத்தான் தங்கச்சி அப்படிச் சொன்னேன். உன் இடத்துக்கு ஆளும் போட்டாச்சு."

சொல்லிக்கொண்டே சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தைக்குக் கைகளை நீட்டினார். நேரமாகிறது என்றார் மாமியார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்திருக்கலாம். கொடுத்துவிட்டேன்.

கம்பி ஏறியதும் மகள் துள்ளினாள். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. நான் குனிந்து அவள் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டேன். அழுகை ஓய்ந்ததும், "மாமன் மடியில எப்படி அடங்கிட்டா பாரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அவர் சிரித்தார். இனி அவளுடைய சடங்குக்கும் கல்யாணத்துக்கும் முதல் பத்திரிகையை அவருக்குத்தான் வைக்க வேண்டும்.