ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்

பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போது அய்யா என்னைத் தேடி வந்தது ஒரே ஒரு தடவைதான். அப்போது நான் ராமநாதபுரத்தில் அத்தை வீட்டில் தங்கி எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் கடலாடிக்குத் தெற்கே, கடலுக்கு ஐந்து மைல் இப்பால் இருந்தது. அங்கிருந்து வேலை நாளில் ஒருவர் வந்து நின்றால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். டீச்சர் என்னை எழுப்பி வெளியே போகச் சொன்னபோது பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேப்பமரத்தடியில் நின்ற அய்யா அழவில்லை. தோள்துண்டின் ஒரு முனையில் ஏதோ முடிந்து வைத்திருந்தார்.

“ஆத்தா, இங்கிலீசுப் புஸ்தகம் வாசிச்சிருவியா?”

“பாடப் புஸ்தகம்னா வாசிப்பேன்யா.”

“அது போதும். வா.”

நடந்துகொண்டே முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். கண்ணாடிச் சில்லுகள் போல ஐந்தாறு கற்கள். கத்தி அலகு மாதிரி நீளமாக, முனை சரிந்து, ஒரு பக்கம் பார்த்தால் மறுபக்கம் தெரிகிற கற்கள். அவற்றின் இடுக்கில் கருங்களி ஒட்டியிருந்தது. எங்கள் கிணற்றில் கிடைத்ததாம்.

அந்தக் கிணறு எங்கள் நிலத்தில் இருந்தாலும் தெருவே அதில்தான் குடித்தது. மூன்று ஆள் ஆழம். வடகிழக்கு மூலையில் ஒரு சின்ன ஊற்று. இரவெல்லாம் கசிந்து, விடியும்போது முப்பது குடம் தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் ஒரு நாளும் நின்றதில்லை, அதற்குக் கீழே ஒரு கோடையிலும் போனதில்லை. சுற்றிலும் இருந்த மற்றக் கிணறுகளில் மாடுகூட வாய் வைக்காது. எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டத் தெரிந்தவன் என்றால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவன். ஒவ்வோர் ஆள் ஆழம் இறங்கியதும் மேஸ்திரியும் நிலத்துக்காரரும் அடிமண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். கரித்தால் வேலை அன்றோடு நின்றது. அதற்கு மேல் பேச்சில்லை.

இரண்டு வருஷமாக மழை இல்லை. கண்மாய் வெடித்துக் கிடந்தது. மிளகாய்ச் செடிகள் பூ வைத்த நிலையில் வாடத் தொடங்கின. அய்யா கிணற்றை ஆழப்படுத்துவதென்று முடிவு செய்தார். அம்மா வேண்டாம் என்றாள். தெருவில் நாலு பேர் வந்து சொல்லிப் பார்த்தார்கள். ஆட்கள் இறங்கி ஓர் ஆள் ஆழம் வெட்டியதும் கருங்களியும் இந்தக் கற்களும் வந்தன. மேஸ்திரி நாக்கில் வைத்துப் பார்த்தார். அய்யாவும் வைத்துப் பார்த்தார். கரிக்கவில்லை, இனிக்கவும் இல்லை.

“நாக்குக்கு ஒண்ணும் சொல்லமாட்டேங்குதுண்ணே. எனக்குப் பிடிக்கல, நிப்பாட்டிக்கிருவோம்” என்று மேஸ்திரி சொன்னாராம். அவருக்குத் தொண்டிப் பக்கம் அடுத்த வேலை காத்திருந்தது. அய்யா இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு கடலாடிக்குப் போயிருக்கிறார். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்லுக்கெல்லாம் புத்தகம் இருக்கிறது, ராமநாதபுரத்தில் ஒரு வாசகசாலையில் பூட்டிக் கிடக்கிறது, ஆனால் இங்கிலீஷ் என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் அய்யா என் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார்.

அந்த வாசகசாலை ஒரு வக்கீல் தன் வீட்டுப் புத்தகங்களைக் கொடுத்து ஆரம்பித்தது. அவருடைய மருமகன் நில ஆய்வு வேலையில் வடக்கே எங்கோ இருந்து இளவயதில் இறந்துபோனார். அவருடைய புத்தகங்களும் இங்கே வந்து சேர்ந்தன. இதைச் சொன்னவர் அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நூலகர். அதைச் சொல்வதற்கு முன் அவர் அய்யாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“அதெல்லாம் ரெபரன்ஸ். வெளிய போகாது.”

“கொண்டுபோக வரலீங்க. இவ இங்கனயே வாசிச்சிருவா.”

“இந்தப் பாப்பாவா?” நூலகர் சிரித்தார். “பதினோரு வருசமா அந்தப் பீரோவத் தொறக்கச் சொல்லி ஒரு ஆளு வந்ததில்ல. சாவி இருக்கான்னு பாக்கணும். நீங்க மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க.”

அய்யா வெளியே குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். நக இடுக்கில் களி இருந்ததைக் கண்டு, நூலகர் சொல்வதற்கு முன்பே தானாக மறுபடி போய்க் கழுவினார். திரும்பி வந்து சுவரோரமாக நின்றார். அங்கே நாலு நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. ஊரில் அய்யா நின்றுகொண்டு பேசி நான் பார்த்ததில்லை.

பீரோவில் இரண்டு தட்டு நிறையக் கல்லும் மண்ணும் பற்றிய புத்தகங்கள். அரித்த தாள் மணமும் பாச்சை உருண்டை மணமும் சேர்ந்து வந்தன. சில புத்தகங்களில் தாள்கள் மடிப்புக்கூட வெட்டப்படாமல் இருந்தன. நூலகர் மர ஸ்கேலை நுழைத்து ஒவ்வொன்றாக அறுத்துக் கொடுத்தார். கனிமங்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தில் வண்ணப் படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் எங்கள் கல்லை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு அதே அலகு, அதே சரிந்த முனை. செலினைட் என்று போட்டிருந்தது. நகத்தால் கீறினால் கோடு விழும் என்று எழுதியிருந்தது. கீறினேன், விழுந்தது. ஏடு ஏடாகப் பிரியும் என்றிருந்தது. பிரிந்தது.

நூலகர் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அய்யாவுக்குப் போட்டார்.

“ஒக்காருங்க.”

அய்யா விளிம்பில் உட்கார்ந்தார். “வேற என்ன போட்டிருக்கு ஆத்தா?”

கிரேக்க மொழியில் நிலாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று படித்துச் சொன்னேன். சுட்டால் வெளுத்து மாவாகும் என்று சொன்னேன். அடுத்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் சொன்னேன். இந்தக் கல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். சூடாக்கினால் வெளியே வரும்.

“எதுல தண்ணி?”

“கல்லுக்குள்ளதான்யா.”

அய்யா என்னைப் பார்க்கவில்லை. நூலகரைப் பார்த்தார். நூலகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைத் தானும் படித்துவிட்டுத் தலையாட்டினார். “ஆமா. அப்படித்தான் போட்டிருக்கான்.”

நெருப்புப் பெட்டியை அய்யா இடுப்பிலிருந்து எடுத்ததும் நூலகர் பதறிப்போய் எங்களை எதிரே இருந்த டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போனார். டீக்கடைக்காரர் ஒரு காலித் தகர டப்பாவைத் துடைத்துக் கொடுத்தார். கல்லை நுணுக்கி உள்ளே போட்டு, மூடி, கரி அடுப்பின் ஓரத்தில் வைத்தோம்.

“என்னண்ணே, வைரமா?” என்றார் டீக்கடைக்காரர். “வைரம்னா அடுப்புக்கு ஒரு பங்கு உண்டு, சொல்லிப்புட்டேன்.”

“வைரத்த வச்சு என்னய்யா செய்ய” என்றார் அய்யா.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டால் பிடித்து மூடியைத் திருப்பினார். மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கீழே கல் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரிக் கிடந்தது. அய்யா விரலால் ஒரு துளியை எடுத்து நாக்கில் வைத்தார். கிணற்றடி மண்ணை வைப்பது போலவே கண்ணை மூடிக்கொண்டு வைத்தார்.

“நல்ல தண்ணி” என்றார். “கல்லுக்குள்ள நல்ல தண்ணிய வச்சிருக்கு. அப்பக் கீழ எம்புட்டு வச்சிருக்கும்.”

டப்பாவில் எதைச் சுட்டு எடுத்தாலும் வருகிற நீர் உப்பில்லாமல்தான் வரும் என்பது அங்கே நின்ற நாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. புத்தகத்தைத் திருப்பி வைக்க வாசகசாலைக்குப் போனபோது நூலகர் உற்சாகத்தில் இன்னொன்றை எடுத்து வைத்தார். கடலோர மாவட்டங்களின் நிலத்தைப் பற்றியது. மடக்கிய வரைபடம் ஒன்றும் உள்ளே இருந்தது. அய்யா இந்தத் தடவை தானாகவே நாற்காலியில் உட்கார்ந்து, சாய்ந்துகொண்டார். நூலகரும் அவரும் மிளகாய் விலை பேச ஆரம்பித்தார்கள். நான் பக்கங்களைப் புரட்டினேன். கிணறுகள் என்ற தலைப்பில் நின்றேன்.

இந்தக் கரையோரத்தில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. கிணற்றை ஆழப்படுத்தினால் கீழே இருப்பது மேலே ஏறும், பிறகு எளிதில் இறங்காது. இரண்டு மூன்று வாக்கியங்கள்தான். தெரியாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை. இப்போதும் அந்தப் பக்கத்தில் அது வலதுபுறம், கீழிருந்து ஏழாவது வரியில் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியும்.

“அதுல என்ன ஆத்தா போட்டிருக்கு?”

நிமிர்ந்து பார்த்தேன். காலையில் சுவரோரம் நின்றவர் இப்போது கால்மேல் கால் போட்டிருந்தார். நூலகர் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வரைபடத்தை விரித்துக் கடலாடியைக் கண்டுபிடித்தேன். அதற்குத் தெற்கே எங்கள் ஊர் இல்லை.

“நம்ம ஊரு பேரு இதுல இல்லய்யா.”

அது பொய் இல்லை.

“நம்ம ஊரு பேரு எதுலதான் இருக்கு” என்று சொல்லிச் சிரித்தார். நான் புத்தகத்தை மூடினேன். பஸ் ஏறும்போது எனக்கு ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கிக் கொடுத்தார். “படிப்புன்னா என்னான்னு இன்னைக்குத்தான் கண்டேன்” என்று நடத்துநரிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. லீவுக்கு ஊருக்குப் போனபோது சொல்லக் கேட்டேன். மேஸ்திரி மறுபடியும் வேண்டாம் என்றிருக்கிறார். அய்யா மூடியில் கோத்த நீரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் நாள் பிற்பகல் கடப்பாரை கடினமான ஓர் அடுக்கை உடைத்ததும் தண்ணீர் சத்தத்தோடு பொங்கியதாம். ஆட்கள் கூடையை விட்டுவிட்டு மேலே ஏறியிருக்கிறார்கள். தெருவே கூடி நின்று பார்த்ததாம். விடியும்போது இரண்டு ஆள் உயரத் தண்ணீர். அம்மா முதல் குடத்தை எடுத்துச் சாமிக்கு ஊற்றியிருக்கிறாள். லேசாகக் கரித்ததை யாரும் முதலில் வாய்விட்டுச் சொல்லவில்லை. களி கலங்கியிருக்கிறது, நாலு நாள் இறைத்தால் தெளியும் என்று பேசிக்கொண்டார்கள். மாடு பூட்டிக் கமலை கட்டி இறைத்தார்கள். இறைக்க இறைக்கக் கரிப்பு ஏறியது. எட்டாம் நாள் மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மிளகாய்ச் செடிகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின.

நான் போனபோது கிணற்றில் நீலமாகத் தண்ணீர் நின்றது. எங்கள் ஊரில் அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை. இறைக்கிற கயிறு அவிழ்க்கப்பட்டிருந்தது. கரையில் யாரும் இல்லை. பெண்கள் இரண்டு மைல் தள்ளி இன்னொரு ஊர் ஊருணிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஒரு குடம்தான் விட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் எங்கள் வாசலைக் கடக்கும்போது வெறும் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டே பேசிப் போவார்கள்.

“புஸ்தகத்துல தண்ணி இருந்துச்சாம்ல. அதப் பிழிஞ்சு ஊத்தச் சொல்லு.”

ஒரு நாள் எதிர்வீட்டுப் பெரியவர் நான் இருக்கும்போதே அய்யாவைக் கேட்டார். “படிச்ச புள்ள சொல்லுச்சுன்னு வெட்டினியாமே?”

“புள்ள கல்லுப் பேரத்தான் சொல்லுச்சு” என்றார் அய்யா. “வெட்டுனது நான்.”

நான் உள்ளே போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். அந்த ஏழு வரியை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு முப்பது வருஷம் அய்யா உயிரோடு இருந்தார், எந்த நாளிலும் சொல்லியிருக்கலாம்.

லீவு முடிவதற்குள் இன்னொன்றைக் கவனித்தேன். அம்மா ஊருணித் தண்ணீரில் ஒரு செம்பு தனியாக எடுத்து மூடி அய்யாவுக்கென்று வைப்பாள். அவர் அதைத் தொடுவதில்லை. வயலிலிருந்து வந்ததும் பரணில் கிடந்த பழைய கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். அரை வாளி இழுத்து, நின்றபடியே குடித்துவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வருவார்.

“ஏன் அந்தத் தண்ணியக் குடிக்கிறிய? இங்கன எடுத்து வச்சிருக்கேன்ல” என்றாள் அம்மா.

“எல்லாம் தண்ணிதான்” என்றார்.

ஒரு நாள் அவர் பின்னாலேயே போய் நின்றேன். குடித்து முடித்தவர் என்னைப் பார்த்ததும் மீதித் தண்ணீரைச் சட்டென்று தரையில் கொட்டினார். நானும் அதைக் குடிக்கக் கேட்டுவிடுவேனோ என்று நினைத்திருப்பார். ராமநாதபுரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில், வழியில் ஏறிய அத்தை மகன் அய்யா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தான். நன்றாக இருக்கிறார், அந்தத் தண்ணீர் அவருக்குப் பழகிவிட்டது என்று சொன்னேன். அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன்.