வாய் வைத்துக் குடித்த தண்ணீர்

உடம்பைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு எனக்குப் பெரிய வேலையாகப் போனது தண்ணீர் குடிப்பதுதான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். தாகம் எடுத்தால் குடிக்க வேண்டியதுதானே என்பார்கள். எனக்குத் தாகமே எடுக்கவில்லை. பசியும் இல்லை. அப்படியும் காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரை எதையாவது உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் முழுக்க அடுப்பு எரித்தாலும் உலை கொதிக்காத மாதிரி ஒரு அலுப்பு அது.

2010ல் எனக்கு நாற்பத்தேழு வயது. சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று மனைவி சொல்வாள். சிங்கப்பூரில் இருந்த தம்பிதான் பிடிவாதமாகப் பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையில் எல்லாம் பேசி முடித்தான். வயிற்றில் பெரும் பகுதியை எடுத்துவிட்டு, பிஞ்சு வாழைக்காய் அளவுக்கு மிச்சம் வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

வெளியில் சொல்ல எனக்குக் கூச்சம். தின்று பெருத்து, அதைக் குறைக்க ஆபரேஷனா என்று ஊர் கேட்கும். மனைவியிடம், குடலிறக்கம் என்று சொல்லிவிடு என்றேன். அவளும் சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது உணவு ஆலோசனை சொல்லும் பெண் ஒருவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். சின்ன வயதுதான், ஆனாலும் மனைவி அவரை மேடம் என்றே கூப்பிட்டாள். தட்டில் முதலில் புரதம், அதாவது மீன், முட்டை வெள்ளை, பயறு. இடம் மிச்சம் இருந்தால்தான் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. மற்ற நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் மயக்கம் வரும், கிட்னி கெடும், தூக்கிக்கொண்டு வந்து மறுபடி இங்கேதான் படுக்கப் போடுவார்கள்.

முதல் மாதம் வீட்டில் இருந்தேன். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தாள். முதுநகரிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவரிடம் கிழங்கான் மீன் வாங்கி, காரமில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, விரலால் மசித்து வைப்பாள். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற பத்தியம் இது.

“எனக்கு ரெண்டு பிரசவம் ஆச்சு. இது உங்களோடது” என்பாள்.

நான் சிரித்தால் தையல் இழுக்கும். சிரிக்காமல் மெல்லுவேன். ஒரு வாய் மீனை அத்தனை நேரம் மெல்ல வேண்டியிருந்தது. பாதியில் தாடை வலித்துவிடும். தட்டில் பாதி அப்படியே இருக்கும். அவள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிறகு வேலைக்குப் போனேன். சிதம்பரத்தில் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பெயின்ட் கடை வைத்திருந்தான். அங்கே கல்லாவைப் பார்த்துக்கொள்வதும், பெயின்டர்கள் கேட்கும் நிறத்தை எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

கடையின் மூலையில் ஸ்டூல் மேல் ஒரு குடம், அதன் மூடி மேல் ஒரு எவர்சில்வர் சொம்பு. மச்சான், நான், வருகிற பெயின்டர்கள், மூட்டை இறக்குகிறவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே சொம்புதான். எல்லாரும் அண்ணாந்துதான் குடிப்போம். சொம்பில் உதடு பட்டால் எச்சில். பட்ட சொம்பை யாரும் தொட மாட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அண்ணாந்து ஊற்றிக் குடித்துத்தான் பழக்கம். சட்டையில் ஒரு சொட்டு விழாது.

கடையில் முதல் நாள் அப்படிக் குடித்ததும் நெஞ்சுக்குழியில் யாரோ முட்டியை வைத்து அழுத்துவது போல ஒரு வலி வந்தது. தண்ணீர் அப்படியே அங்கே நின்றது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கோடவுன் பக்கம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏப்பம் வந்தது, கொஞ்சம் தண்ணீரும் திரும்பி வந்தது. ஆபரேஷன் செய்த வயிறு இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து சொம்பைப் பார்த்தாலே பயம். ஒரு மடக்கு குடிப்பேன், வலிக்கும், அப்புறம் மதியம் வரை குடிக்க மாட்டேன். குடிக்கக் குடிக்க வலி என்றால் யார்தான் குடிப்பார்கள்? சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவி ஸ்பூனால் கொடுப்பதுதான் உருப்படியாக இறங்கும். ஸ்பூனில் கொடுத்தால் வலிப்பதில்லை என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அது அவள் கை ராசி என்று வைத்துக்கொண்டேன்.

மச்சான் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“மாமா, பாதி ஆள எங்க வுட்டுட்டு வந்தீங்க? பஸ்ஸுல அரை டிக்கெட்டா போடறாங்க?”

“வெயிலு ஜாஸ்திடா” என்பேன்.

“வெயிலுல பெயின்ட்தான் உரியும். ஆளுமா உரியும்?”

அப்படியே புரட்டாசி வந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் மீன், முட்டை கிடையாது. மனைவி பாசிப்பயறை வேகவைத்துக் கொடுத்தாள். ஒரு பிடி பயறுக்கே வயிறு நிறைந்துவிடும். பாலில் புரத மாவு கரைத்துக் கொடுத்தாள், அதன் வாடையே எனக்குக் குமட்டியது. தலை சீவினால் சீப்பில் முடி கொத்தாக வந்தது. மாடிப்படி ஏறும்போது இப்போது முழங்கால் வலிக்கவில்லை, ஆனால் நடுப்படியில் கண் இருட்டியது.

ஒரு மத்தியானம் கீழ்த்தட்டிலிருந்து பிரைமர் டின்னை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. டின்களுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மச்சான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனான். உடம்பில் தண்ணியே இல்லையே என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றினார்கள். கடலூரிலிருந்து ஓடிவந்த மனைவி மறுநாள் என்னைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனாள்.

அங்கே டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே எங்கேயாவது சுருங்கியிருக்கலாம், டியூப் விட்டுப் பார்க்க வேண்டும், சுருக்கம் இருந்தால் மறுபடி ஒரு ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம் என்றார். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தரம் அந்த மேஜையில் படுக்க என்னிடம் தெம்பு இல்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் தெம்பு இல்லை.

டாக்டர் போன பிறகு அந்த உணவு ஆலோசனைப் பெண் வந்தார்.

“தண்ணி குடிச்சா வலிக்குதா? எங்க, என் எதிர்ல கொஞ்சம் குடிங்க.”

மனைவி பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். நான் தலையை அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். முட்டி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

“எப்பவும் இப்படித்தான் குடிக்கிறீங்களா?”

“ஆமா மேடம். வேற எப்படி?”

“வாய் வச்சுக் குடிக்க மாட்டீங்களா?”

“எங்க வீட்டுல அந்தப் பழக்கமே இல்ல மேடம்” என்றாள் மனைவி, என்னைக் காப்பாற்றுகிற மாதிரி.

“டீ எப்படிம்மா குடிப்பீங்க?”

“டீ வாய் வச்சுத்தான்.”

“அப்புறம்?”

“அது டீ மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டார். அண்ணாந்து ஊற்றும்போது தண்ணீர் மடக்கு மடக்காக, காற்றையும் சேர்த்துக்கொண்டு இறங்கும், இந்தச் சின்ன வயிறு அதைத் தாங்காது என்றார். “கொஞ்சம் கொஞ்சமா குடிங்கன்னு சொன்னேனே தவிர, எப்படிக் குடிப்பீங்கன்னு நான் கேக்கவே இல்ல” என்றார்.

ஒரு டம்ளர் கொண்டுவரச் சொன்னார். உதட்டை வைத்து, சூடான டீயை உறிஞ்சுகிற மாதிரி ஒரு வாய் எடுத்தேன். முட்டிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இன்னொரு வாய். வரவில்லை. மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அதற்குள் தண்ணீரும் சாப்பாடும் ஒழுங்காக இறங்கினால் டியூப் வேண்டாம். இல்லாவிட்டால் பார்த்தே ஆக வேண்டும்.

ஊருக்கு வந்த மறுநாளே வாசலில் மீன்காரரின் மணி கேட்டது. மனைவி பின்பக்கம் தனியாக ஒரு ஸ்டவ் வைத்து, தனிச் சட்டியில் கிழங்கான் வேகவைத்தாள். புரட்டாசி இன்னும் முடியவில்லை. “சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க மெல்லுங்க” என்றாள்.

கடைக்கு மூடி போட்ட டம்ளர் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். வீட்டில் வாய் வைப்பது வேறு, கடை வீதியில் வருகிறவர் போகிறவர் எதிரில் வாய் வைப்பது வேறு. கல்லாவுக்குக் கீழே குனிந்து குடித்தேன், திருடித் தின்கிறவன் போல. யாராவது படி ஏறினால் மூடிவிடுவேன். இரண்டு நாள் இப்படிப் போனது. டம்ளர் பாதிகூடக் காலியாகவில்லை. எனக்கு மறுபடி அந்த மேஜை கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள், வழக்கமாக வரும் பெயின்டர் ஒருவர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். சொம்பு குடத்தின் மேல் இல்லை. கல்லா மேல் இருந்த என் டம்ளரை எடுத்து மூடியைத் திறந்துவிட்டார்.

“அது வேணாம்” என்றேன். “நான் வாய் வச்சது.”

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பெயின்டர் டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். மச்சான் பில் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

“என்ன மாமா புதுப் பழக்கம்?”

பெயின்டர் போகும் வரை பொறுத்திருந்தேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆபரேஷன், வாழைக்காய் அளவு வயிறு, டியூப், தவணை. கேலி செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒரு பெயின்ட் டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

“இவ்ளோதானா? குடலிறக்கம்னு சொல்லிட்டுப் போயி, தெனம் தெனம் கரைஞ்சுகிட்டே வந்தீங்க. நாங்க கேன்சர்னே முடிவு பண்ணிட்டோம் மாமா. அக்கா மறைக்குதுன்னு நெனச்சு, அத ஒரு வார்த்த கேக்காம இருந்தோம். அம்மா திருவதிகை கோயிலுக்குப் போயி வேண்டிக்கிட்டு வந்துச்சு.”

நான் டம்ளரை எடுத்து மூடினேன்.

“தண்ணியக் குடிங்க” என்றான்.

“இப்பவா?”

“இப்பத்தான். என் எதிர்ல.”

உதடு வைத்துக் குடித்தேன். அவன் எழுந்து போய், திறந்திருந்த எனாமல் டின்னில் குச்சியைத் தோய்த்து வந்து, டம்ளரின் பக்கத்தில் பச்சையாக ஒரு பொட்டு வைத்தான். “இனிமே யாரும் எடுக்க மாட்டான்” என்றான். அதிலிருந்து கடைக்கு யார் வந்தாலும் அவர் எதிரிலேயே, மாமா குடிச்சீங்களா என்று கேட்க ஆரம்பித்தான். தெரியாதவர்கள் என்னை வேறு மாதிரி பார்த்தார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே குடித்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பாண்டிச்சேரி போனோம். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். டியூப் இப்போதைக்கு வேண்டாம் என்றார். மனைவி, எதற்கும் இன்னொரு தரம் சொல்லுங்க டாக்டர் என்றாள். அவரும் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இத்தனை மாதமும் அவள் சரியாகத் தூங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் கண் சொருகியது. ஆனால் பச்சைப் பொட்டு டம்ளர் மடியில் இருந்தது, அன்றைக்குக் குடிக்க வேண்டியதில் பாதிக்கு மேல் பாக்கி. எதிர் சீட்டில் இருந்த பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து, வாய் வைத்து, ஒரு வாய் குடித்தேன். அது இறங்கும் வரை காத்திருந்தேன். பிறகு இன்னொரு வாய்.