வெண்பனி வேந்தன், கிளிநொச்சி

தவராசாவைவிடச் சாதுவான மனிதர் கிளிநொச்சியில் இருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். மேலதிகாரி நடு வெயிலில் நின்று மழை பெய்கிறது என்றால், "ஓம் சேர், நல்ல மழை" என்று குடையை எடுத்துவரக் கூடியவர். வீட்டிலே மனைவி விமலேஸ்வரி கறிக்கு உப்புப் போதுமோ என்று கேட்டால்கூட, முதலில் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுவார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று அயலட்டை முழுவதும் அவருக்கு நற்சான்றிதழ் கொடுத்திருந்தது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, சமாதான காலம். ஓமந்தைச் சோதனைச்சாவடியால் சீமெந்தும் சீனியும் வந்ததுபோல, வானத்தால் இணையமும் வந்து சேர்ந்திருந்தது. இரஞ்சிதம் என்ற கெட்டிக்காரப் பெண்மணி கூரையில் பெரிய சட்டி போல ஓர் அன்ரனாவைப் பூட்டி, கடைத்தெருவில் நெற் கபே ஒன்றைத் திறந்தார். தவராசாவின் மகள் பிரியந்தினி அங்கேதான் வேலை செய்தாள். சொற்பப் புள்ளியால் பல்கலைக்கழகம் கைநழுவி, அழுது முடித்து, கணினியைத் தானே கற்றுக்கொண்டு, பின்னேரங்களில் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கத் தொடங்கியிருந்தாள். வகுப்புக்காக அவள் சேலை உடுத்திக்கொண்டு போகும்போது தவராசா படலை வரை வந்து பார்த்துக்கொண்டு நிற்பார். மகள் ரீச்சராகிவிட்ட பெருமை நெஞ்சு கொள்ளாது.

கடைக் கணினியில் அப்பாவுக்குப் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சுப் பழக்கியதும் அவள்தான். ரொறன்ரோவில் இருக்கும் தன் தங்கைக்குக் கடிதம் எழுதப்போகிறார் என்று நினைத்தாள் பாவம். தங்கைக்குப் போனது ஒரேயொரு கடிதம். மீதி நேரமெல்லாம், புலம்பெயர்ந்த தமிழர்கள் கூடிச் சண்டைபிடிக்கும் இணையக் கருத்துக்களம் ஒன்றுக்குப் போனது.

முதலில் நேர்மையாகத்தான் தொடங்கினார். 'கிளிநொச்சித் தவம்' என்ற பெயரில் வன்னி நெல் விலை பற்றி ஏதோ எழுதினார். லண்டனிலிருந்து ஒருவர் உடனே மறுமொழி போட்டார்: "தம்பி, நீங்கள் அங்கை இருக்கிறபடியால உங்களுக்கு அங்கத்தைய நிலைமை விளங்காது." தவராசாவுக்கு இது நியாயமாகவே பட்டது. மறுநாளே அவர் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தார். விசா தேவைப்படவில்லை, பிளேன் ரிக்கற் தேவைப்படவில்லை. 'வெண்பனி வேந்தன்' என்ற புதுப்பெயர் மட்டும் போதுமாயிருந்தது.

வேந்தன் வேறு ஆள். "இப்பதான் வாசல் பனியை வழிச்சுப்போட்டு வாறன்" என்று வழியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே எழுதுவார். பேராசிரியர்களை அரைவேக்காடுகள் என்பார். பெண்கள் யாராவது கருத்துச் சொன்னால் குசினிக்குப் போகச் சொல்லுவார். தன்னுடைய குசினிக்குள் விமலேஸ்வரியின் அனுமதி இல்லாமல் நுழைந்தே அறியாதவர். வேந்தனின் வசவு தாங்காமல் ஒருவர் களத்தை விட்டு ஓடினால், அன்றைக்குத் தவராசாவுக்கு இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கும்.

அவருடைய பரம எதிரி 'முறிகண்டியாள்'. தான் வன்னியிலேயே இருப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்த அம்மா, "எங்கட கிளிநொச்சி ரவுண் கடற்கரையில காத்து வாங்கினபடி யோசிச்சனான்" என்று ஒருநாள் எழுதினார். கிளிநொச்சிப் பட்டினத்தில் ஏது கடற்கரை? தவராசாவுக்குக் கை துடித்தது. ஆனால் ரொறன்ரோவில் பனி வழிக்கிற மனிதர் அதைத் துல்லியமாகச் சொன்னால் சந்தேகம் வராதா? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். ஆக, பாரிஸிலோ வேறெங்கோ இருந்த ஒருவர் கிளிநொச்சிக்காரியாகவும், கிளிநொச்சியில் இருந்த ஒருவர் கனடாக்காரராகவும் நின்று, வன்னிக்கு இணையம் வேண்டுமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் அடிபட்டார்கள்.

முறிகண்டியாள் வேண்டும் என்றபடியால் வேந்தன் வேண்டாம் என்றார். அவருடைய கொள்கை அவ்வளவுதான். முதலில் 'கொஞ்சம் கட்டுப்பாடு' என்று எழுதினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 'சினிமாச் சீடிகளுக்குத் தடை' என்றார். நாலு பேர் மெச்சினார்கள். மெச்சல் ருசி பிடித்துவிட்டது. கடைசியில், வன்னிப் பெண்பிள்ளைகள் நெற் கபேயில் படிப்பதும் வேலை செய்வதும் எங்கள் பண்பாட்டுக்கு வைக்கும் கொள்ளி என்று நீண்ட கட்டுரையே எழுதிவிட்டார். களம் புல்லரித்துப்போனது. அந்தக் கட்டுரை எழுதும்போது ஓர் எழுத்து எந்த விசையில் இருக்கிறதென்று மறந்துபோய், திரையைக் கையால் மறைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டுத்தான் கேட்டார். அவளும் விசையைக் காட்டிவிட்டு, தேத்தண்ணி வேணுமோ அப்பா என்று கேட்டுப் போனாள்.

வேந்தனின் ரசிகர் ஒருவர் கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வந்தபோது, அந்தக் கட்டுரையை அச்செடுத்து, சொக்லேற் பெட்டிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். ஊர்ப் பிரமுகர்கள் சேர்ந்து நடத்திய ஒழுக்கக் குழுவின் தலைவரிடம் ஒப்படைத்தார். இதையே உள்ளூரில் ஒருவன் சொல்லியிருந்தால் வேலையைப் பார் என்று அனுப்பியிருப்பார்கள். கனடாவிலிருந்து வந்த கருத்து அல்லவா! இரஞ்சிதத்தின் கடைக் கதவிலேயே கட்டுரையின் பிரதியை ஒட்டி, பெண்பிள்ளைகளின் வகுப்பை நிறுத்துவது பற்றி ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் என்றும் கீழே எழுதிவிட்டார்கள்.

பிரியந்தினி அன்று வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. தவராசாவுக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் களத்துக்குள் போய், இருந்த துணிச்சலையெல்லாம் கூட்டி உண்மையை எழுதினார். "நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். பனியைக் கண்ணால் கண்டதில்லை. நான் எழுதியது பிழை. அங்கே படிப்பிப்பது என் மகள். தயவுசெய்து எல்லோரும் குழுவுக்கு மறுப்பு எழுதுங்கள்." அந்தக் களத்தில் வேந்தன் மரியாதையாக எழுதிய வசனங்கள் இவை மட்டும்தான். களம் விழுந்து விழுந்து சிரித்தது. "கிளிநொச்சிக்காரர் இப்பிடிக் கதைக்கமாட்டினம், எனக்குத் தெரியும்" என்று அடித்துச் சொன்னார் முறிகண்டியாள். களத்தை நடத்துபவர்கள் அவருடைய இணைப்பு எங்கிருந்து வருகிறதென்று தோண்டிப் பார்த்தார்கள். இரஞ்சிதத்தின் அன்ரனா செய்மதி வழியாக ஜெர்மனியில் இருந்த ஒரு நிறுவனத்தோடுதான் தொடுக்கப்பட்டிருந்தது. தீர்ப்பு வந்தது: ரொறன்ரோவும் பொய், கிளிநொச்சியும் பொய், இவர் ஜெர்மனியில் இருந்துகொண்டு வன்னி மக்களைக் கேவலப்படுத்தும் விஷமி, நிரந்தரமாக வெளியேற்றப்படுகிறார். கட்டுரையை மட்டும், நல்ல கட்டுரை என்று அப்படியே விட்டுவைத்தார்கள்.

இனி வாயால்தான் சொல்லவேண்டும். தவராசாவிடம் இல்லாத ஒரே பொருள் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை மண்டபம் நிறைந்தது. தலைவர் கட்டுரையை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். 'கனடாவாழ் அறிஞர் வெண்பனி வேந்தன்' என்று அவர் உச்சரித்தபோது தவராசாவின் வெட்கங்கெட்ட மனசு ஒரு கணம் குளிர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாசித்து முடிந்ததும் பிரியந்தினி எழும்பினாள்.

"இதை எழுதினவர் என்ர வகுப்பை ஒருநாளும் கண்டிருக்கமாட்டார். பிள்ளையள் என்ன படிக்கினம் எண்டும் அவருக்குத் தெரியாது. இஞ்ச வந்து என்ர முகத்தைப் பாத்து இதைச் சொல்லச் சொல்லுங்கோ. நான் வகுப்பை விடுறன்."

"அவர் கனடாவில எல்லோ, தங்கச்சி. எப்பிடி வாறது?" என்றார் தலைவர், அன்பாகவே. பிறகு முன்வரிசைக் கதிரைகளைப் பார்த்தார். "தவராசா அண்ணை, உங்கட மகள்தானே. நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நாங்கள் திருப்பி யோசிப்பம்."

மண்டபம் முழுவதும் திரும்பியது. தவராசா எழும்பினார். எழுதினது நான்தான் என்று சொல்லக்கூடத் தேவையில்லை. வகுப்பு நடக்கட்டும் என்றாலே போதும். பேராசிரியர்களை ஓட ஓட விரட்டிய மனிதருக்கு, எதிரே முகங்களைக் கண்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெரியாக்கள் யோசிச்சுச் செய்யுங்கோ," என்றார். "நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்."

வேறு யாரும் மறுக்காதபடியால் வகுப்பு அன்றோடு நிறுத்தப்பட்டது. தவராசா சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க, பிரியந்தினி பக்கத்தில் நடந்தாள். கடைத்தெருவைத் தாண்டினார்கள்.

"நீங்கள் கதைக்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும், அப்பா. நான் கோவிக்கேல்லை," என்றாள் பிறகு, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்கள் பயந்த சுபாவம். ஆனா ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் நினையாத மனுசன். அந்தக் கட்டுரை எழுதினவனைப் போல ஒருத்தனுக்கு மகளாப் பிறக்காம விட்டனே, எனக்கு அது போதும்."