நசரத்பேட்டையில் ஒரு மஸ்டாங்

இன்று மதியம் நசரத்பேட்டையில் கார் கழுவும் கடையில் என் வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு சிவப்பு மஸ்டாங் கார் கழுவிய ஈரத்தோடு நின்றது.

கூட வந்த நண்பன் தினேஷுக்குக் கைகால் ஓடவில்லை.

"மச்சான், இதுக்குப் போட்டியா சேலஞ்சர்னு ஒரு காரு இருக்கு, அதுல பின்னாடி தாராளமா உக்காரலாம். இதுல பின்சீட்டுல பை மட்டுந்தான் வெக்க முடியும். ஆனா இன்னா சவுண்டு தெரியுமா! அதுக்குத்தான் இத வாங்குறாங்க."

"எலெக்ட்ரிக்ல வர்றது இதவிட வேகமாமே?" என்றேன்.

"சத்தமே இல்லாம இன்னாத்துக்கு வேகம்?"

வண்டிக்குச் சொந்தக்காரரான ஐம்பது வயதுப் பெண் அருகிலேயே நின்றிருந்தார். தினேஷ் அவரிடமே கேட்டான்.

"சவுண்டுக்குத்தானேக்கா வாங்குனீங்க?"

அவர் திரும்பவே இல்லை.

"அக்காவுக்குப் பொறந்ததுலேர்ந்தே காது கேக்காதுங்க," என்றார் கூட நின்றிருந்த அவருடைய தம்பி.

தினேஷின் முகம் சுருங்கிவிட்டது. தம்பி அந்தக் கேள்வியைச் சைகையில் சொன்னதும் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். தினேஷின் கையைப் பிடித்து பானெட்டின்மேல் வைத்தார். பிறகு உள்ளே ஏறி எஞ்சினைக் கிளப்பினார்.

அதிர்வு அவன் தோள்வரை ஏறியதை நான் பார்த்தேன்.

"எலெக்ட்ரிக்கையும் ஓட்டிப் பாத்துச்சுங்க. ஓடுதா நிக்குதான்னே தெரியல, வேணாம்னுடுச்சு," என்றார் தம்பி.

அக்கா கண்ணாடியை இறக்கி, எப்படி என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். தினேஷ் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.

பூந்தமல்லி வரும்வரை அவன் என் வண்டியின் டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தபடியே வந்தான்.

சரி, நீங்கள் உங்கள் வண்டியை எதற்காக வாங்கினீர்கள்? மைலேஜ் என்று சொல்பவர்கள் தயவுசெய்து அடுத்த பதிவுக்கு நகரவும்.