வில்லிவாக்கம் வரை சொட்டவிடு

1. மீட்டர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு குரோம் பிளேட்டிங் கம்பெனியின் லேபில் பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். எண்பதுகளின் நடுவில் ஒருநாள் எங்கள் போர் பைப்பில் மீட்டர் மாட்டினார்கள். ஆலைகள் எடுக்கும் தண்ணீருக்கு வரி. கழிவைச் சுத்தம் செய்து வெளியே விட்டால் அதில் சலுகை.

முதலாளி மீட்டர் முன்னாலேயே நின்றார்.

"நான் போட்ட போர், நான் கட்டற கரண்ட். இதுக்கு வரியா? ஏம்மா, நாளைக்கு மூச்சு விடறதுக்கும் மீட்டர் வெப்பானுங்களா?"

"கழிவைக் குறைச்சா வரி குறையும் சார்."

"அதெல்லாம் அப்புறம். இப்ப அலசற தொட்டி வால்வைக் குறை."

குறைத்தேன். அந்த வால்வைத் திருகியது என் கைதான். மீட்டர் மெதுவாக ஓடுவதைப் பார்த்து முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

2. ஸ்பூன்

முலாம் பூசும் அமிலத் தொட்டியான குரோம் பாத்தில் வேலைக்கு நின்றவர் ஏழுமலை அண்ணன், திருமுல்லைவாயில்காரர். சைக்கிள் ஹேண்டில்பார்கள் தொங்கும் ஜிக்கைப் பாத்திலிருந்து தூக்கி, பக்கத்துத் தொட்டியில் அலசுவது அவர் வேலை. தண்ணீர் குறைந்ததும் அந்தத் தொட்டி அமிலம் தேங்கி எந்நேரமும் மஞ்சளாகக் கிடந்தது. கறையோடு வந்த பீஸையெல்லாம் அவர் துணியால் துடைத்துக் கொடுத்தார். கிளவுஸ் கிழிந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

ஒரு மாதம் கழித்து, மதியம் அவர் ஸ்பூனால் தயிர்சாதம் சாப்பிடுவதைப் பார்த்தேன்.

"என்ன அண்ணே, துரை ஆயிட்டீங்களா?"

சிரித்துக்கொண்டே கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. உப்பு பட்டா எரியுது, அவ்ளோதான்."

காட்டச் சொன்னேன். விரல்களில் குழி குழியாக, குரோம் அமிலம் அரித்த புண்.

முதலாளியிடம் ஓடினேன். "மருந்து, கிளவுஸ் வாங்கிக் குடு. முடியலைன்னா வேற ஆளப் போட்டுக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை, இரண்டும் வாங்கப் பணம் கொடுத்தார். ஆனால் வேறு ஆள் என்றால் ஏழுமலை அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான்.

3. மூன்று தொட்டி

மறுபடி முதலாளியிடம் போனபோது கையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. வரியைப் பற்றி மட்டும் பேசினேன்.

அலச ஒரு தொட்டிக்குப் பதில் மூன்று வைக்கலாம் என்றேன். நல்ல தண்ணீர் கடைசித் தொட்டியில் விழும், அங்கிருந்து நடுத்தொட்டிக்கு வழியும், பிறகு முதல் தொட்டிக்கு. பீஸ் எதிர்ப்பக்கமாகப் போகும். கொஞ்சம் தண்ணீரே மூன்று தரம் அலசிவிடும். முதல் தொட்டியின் மஞ்சள் தண்ணீரைப் பாத்துக்கே திருப்பி ஊற்றலாம். சாக்கடைக்குப் போவது குறையும், சலுகையும் கேட்கலாம்.

முதலாளி யோசித்தார். "எடம்?"

"ஸ்கிராப் கெடக்கற மூலை சார்."

அடுத்த வாரமே தொட்டிகள் வந்தன.

இன்னொன்று பாக்கி இருந்தது. ஜிக்கைத் தூக்கியதும் பாத்துக்கு மேலேயே பிடித்து, ஒட்டிய அமிலத்தைச் சொட்டவிட வேண்டும். இருபது எண்ணச் சொன்னேன்.

"எண்ணிக்கினு இருந்தா பத்துலயே கை அடுத்த தொட்டிக்குப் போயிடுதும்மா. நான் வேற ஒண்ணு வெச்சிகீறேன்" என்றார் ஏழுமலை அண்ணன்.

மறுநாள் ஜிக்கைப் பிடித்தபடி அவர் சொல்வது காதில் விழுந்தது. "ஆவடி... அண்ணனூர்... திருமுல்லைவாயில்... அம்பத்தூர்... பட்டரவாக்கம்... கொரட்டூர்... வில்லிவாக்கம்." தினமும் அந்த ஸ்டேஷன்கள் வழியே ரயிலில் வரும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவசரத்தில் சீக்கிரம் எடுத்தால் பாலிஷிங் ஆட்கள் விடமாட்டார்கள். "இன்னா அண்ணாத்தே, கொரட்டூர்ல வண்டி நிக்கலியா?"

பீஸ் கறையில்லாமல் வந்தது. துடைக்கும் துணியை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்த வரி இல்லாவிட்டால் மூன்று தொட்டி வந்திருக்காது. அதே வரிதான் என்னை வால்வைத் திருகவும் வைத்தது. மீட்டருக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரியும். வால்வைத் தொடுமுன் பாத்தில் நிற்பவரின் கையைப் போய்ப் பாருங்கள்.

சலுகைக் கடிதம் வந்த அன்று முதலாளி எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார். ஏழுமலை அண்ணன் அதை ஓரமாக வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். ஸ்பூன் இல்லை. எலுமிச்சை ஊறுகாயை விரலால் வழித்துச் சோற்றில் நன்றாகப் பிசைந்தார். பிறகு என்னைப் பார்த்து அந்தக் கையை விரித்துக் காட்டினார்.

"எரியலம்மா."