அத்தர் சீசாவில் ஒட்டிய தாள்

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். யுத்த காலம், சீமை மருந்து வரத்து நின்றுபோயிருந்தது. அத்தர் கடை காசிம் பாய்க்குக் கன்னத்தில் புற்று, வாயைத் திறக்க முடியாது. டாக்டர் ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு, கண்வலிக் கிழங்கைச் சாராயத்தில் ஊறவைத்து டிங்சர் இறக்கச் சொன்னார். வேலிகளில் படர்ந்து கிடக்கும் விஷக் கொடி அது.

"புத்து வளர்றதை இது நிறுத்தும்யா. கொஞ்சம் கூடிப்போச்சு, ஆளையே நிறுத்திரும்" என்றார்.

இரண்டு வாரத்தில் பாயின் வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது. டாக்டரை விட எனக்குத்தான் தலைக்கனம் ஏறியது.

அப்போதெல்லாம் நோயாளிகளே சீசா கொண்டுவர வேண்டும். மிக்ஸ்சரை ஊற்றி, வேளைக்கு ஒரு கோடாக வெட்டிய தாளைப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்போம். அன்று காலை பாயின் மனைவி கடையிலிருந்து இரண்டு அத்தர் சீசா கொண்டுவந்தார். தோள் அகலம், அடி ஒடுக்கம். கும்பல் நெருக்கியதில், ஒன்றை நிரப்பிச் சம இடைவெளியில் எட்டுக் கோடு ஒட்டிக் கொடுத்துவிட்டேன். இன்னொன்றை அடுத்த வாரத்துக்கென்று வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அந்த இரண்டாவது சீசாவைக் கழுவ, கைக்கெட்டிய மெஷர் கிளாஸால் நாலு வேளை அளவு, அதாவது பாதி மருந்தளவு, தண்ணீர் ஊற்றினேன். மட்டம் பாதியில் நிற்காமல் முக்கால் உயரத்தில் நின்றது. மீதி நாலு வேளை மேல் இரண்டு கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படியானால் மேலிருந்து முதல் கோடு வரை இருப்பது ஒரு வேளை மருந்தல்ல, கிட்டத்தட்ட இரண்டு வேளை!

சைக்கிளை எடுத்துக்கொண்டு காஜிமார் தெருவுக்குப் பறந்தேன். பாயின் மனைவி மருந்து ஊற்றிய கிளாஸும் கையுமாக நின்றார்.

"வாங்க தம்பி. காலையில குடிச்சாக, மதியத்துல இருந்து ஒரே வாந்தி. மருந்து புத்தை வெளிய தள்ளுது போல. அடுத்த வேளை குடுக்கப் போறேன்."

"குடுக்காதீங்கம்மா! என் தப்பு!" என்று கிளாஸைப் பிடுங்கினேன்.

பாயைக் குதிரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்து பிழைத்தார். டாக்டர் என்னைத் திட்டவில்லை, மருந்தை நிறுத்திவிட்டார்.

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாய் இம்புட்டுத் தொறந்துச்சுல்ல தம்பி? டாக்டர்ட்ட சொல்லுங்க. நீங்க சரியா அளந்து குடுங்க, நான் குடிக்கிறேன்."

சொன்னேன். டாக்டர் மசியவில்லை. அடுத்த நோன்புக்குள் பாய் மௌத்தாகிவிட்டார்.

இப்போது வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். எந்தச் சீசாவானாலும் ஒவ்வொரு வேளை அளவாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக் கோடு போடுங்கள். அந்தக் கிழங்கு பாயைக் காப்பாற்றியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே போனதற்குக் காரணம் நான்.