நடந்தே வருவான்

வெர்லின் ஸ்டாடர்ட் இருபத்திரண்டு வருடமாக எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர். ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து வருவது அவர் வேலை; அவர்கள் கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது என் வேலை. ஒஹாயோவில் அவர் நுழையாத பள்ளி மைதானம் கிடையாது. போனால் பந்தைப் பார்க்க மாட்டார். பாதியில் வெளியே அழைக்கப்பட்டவன் பெஞ்சில் எப்படி உட்காருகிறான் என்பதைத்தான் பார்ப்பார்.

"பந்து போடறவன் ஊருக்கு நூறு பேர் இருக்கான். உட்காரத் தெரிஞ்சவன்தான் கிடைக்கமாட்டேங்கறான்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துப்போன பேச்சு. ஆனால் அவர் கொண்டுவந்தவர்கள் நான்கு வருடமும் இருந்து பட்டம் வாங்கினார்கள்.

இப்போது கல்லூரியே ஆட்டக்காரனுக்குப் பணம் கொடுக்கலாம். அவனும் வருடத்துக்கு ஒரு கல்லூரி தாவலாம். சீசன் முடிந்து ஏப்ரல் வந்தால் எங்கள் அலுவலகம் மாட்டுச்சந்தைதான்.

போன ஏப்ரலில் ஜாரெல் மேப்ரி மேல் வெர்லின் உயிரையே வைத்திருந்தார். சின்னக் கல்லூரியில் இரண்டு வருடம் ஆடியவன். அம்மா ராண்டா முதியோர் இல்லத்தில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறவள். அவள் சமையலறையில் உட்கார்ந்து, "எண்பதாயிரம் டாலராவது வாங்கித் தர்றேன் ராண்டா. நீங்க ஒரு ஷிப்டை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

தலைமைப் பயிற்சியாளர் கெஸிங்கரிடம் மீதி இருந்தது இரண்டு லட்சம் டாலர், இரண்டு இடம். இன்னொரு இடத்துக்கு பிராகன் டேட். மூன்று கல்லூரி மாறியவன், புள்ளி குவிக்கிறவன். இருவரின் முழங்கால் மருத்துவ அறிக்கைகளோடு நானும் அந்த அறையில் இருந்தேன்.

வெர்லின் பழைய பழக்கத்தில் ஆரம்பித்தார். "ஜாரெல் நமக்குன்னே பொறந்தவன் கோச். ரெண்டு பெரிய இடம் கூப்பிட்டும் போகல. இங்கதான் வரணும்னு நிக்கறான்."

"பணம் கம்மின்னாலுமா?"

"நடந்தே வருவான்!"

சொன்னபோது மனிதர் முகத்தில் அவ்வளவு பெருமை. ஒரு காலத்தில் அந்த ஒரு வார்த்தைக்கே இடம் கிடைத்துவிடும்.

கெஸிங்கர் சிரித்தார். "அப்ப இருபதாயிரம் போதும். மிச்சம் டேட்டுக்கு. தானா வர்றவனுக்கு எதுக்குய்யா கொட்டணும்?"

வெர்லின் வாதாடினார், மேஜையைத் தட்டினார், கடைசியில் கெஞ்சினார். சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது? எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஊர் மாறியதை எல்லோரும் பார்த்தோம், அவர் மட்டும் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் நின்று ஜாரெலைப் போனில் கூப்பிட்டார். காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"இருபதுதான் தர்றாங்க தம்பி. என் வாயாலதான் கெட்டுது. வராத. அந்த ரெண்டு இடத்தையும் கேட்டுப் பாரு."

"அங்க ஆள் எடுத்துட்டாங்க கோச். நீங்க சொன்னீங்கன்னுதானே வேணாம்னேன்." பிறகு அவனே, "பரவால்ல, வர்றேன். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க இருக்கீங்கள்ல, அது போதும்" என்றான்.

திட்டியிருக்கலாம் அவன். திட்டியிருந்தால் வெர்லின் தப்பித்திருப்பார்.

கெஸிங்கர் கதவுக்கு வெளியே தலையை நீட்டினார். "என்னவாம்? வர்றானா?"

"வர்றான்" என்றார் வெர்லின்.